கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. தன் பெயரைப் போட்டுக்கொள்வதில் அவருக்கு இருந்த ஆசைக்கு, ஒரு இடத்திலாவது அது இல்லாமல் போகட்டுமே என்றுதான். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஃப்ரீசர் மேல் அவர் பெயர், மைக்ரோஸ்கோப் மேல் அவர் பெயர், அவர் ஒரு நாளும் தொட்டுப் பார்க்காத சென்ட்ரிஃப்யூஜ் மேலும் அவர் பெயர். நாங்கள் மாதக்கணக்கில் விரல் மரத்துப்போக வேலை செய்து தந்த கட்டுரைகளில் கடைசிப் பெயராக, நட்சத்திரக் குறியோடு, அவர் பெயர். விஞ்ஞானக் கட்டுரையில் கடைசியில் வருகிறவர்தான் முதலாளி என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். என் பெயர் கீழே பொடி எழுத்தில் வரும் நன்றி வரியில்கூட வந்ததில்லை. நாங்கள் அவரை சார் என்போம். இங்கேயும் சார் என்றே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் அங்கே டெக்னீஷியன் வேலை பார்த்தேன். ஆறு மாத ஒப்பந்தம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம். சார் மெட்ராஸ்காரர், அமெரிக்காவில் எட்டு வருடம் இருந்துவிட்டு பெங்களூருக்கு வந்தவர். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் என்னோடு தமிழில் பேசுவார், திட்டுவதை மட்டும் இங்கிலீஷில் வைத்துக்கொள்வார்.

அவர் கேன்டீனில் உப்புமா சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். கடுகு, கறிவேப்பிலை, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பார். கால் மணி நேரம் போகும். கடைசியில் வெறும் வெள்ளை ரவை ஆறிப்போய்க் கிடக்கும், அதைத் திருப்தியாகச் சாப்பிடுவார். என்னோடு வேலை செய்த நாகராஜ் என் காதில், "இவ்ரிகெ கஞ்சி சாக்கு, உப்பிட்டு யாக்கே?" என்பான். அந்த மனுஷருக்குக் கஞ்சியே போதும், உப்புமா எதற்கு என்று எனக்கும்தான் தோன்றும்.

சட்டைப் பையில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். மற்ற விஞ்ஞானிகள் பேனா வைத்திருக்கிற இடம் அது. நாங்கள் வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைப்பார். எல்லாப் புள்ளிகளும் கோட்டை ஒட்டி நின்றால் முகம் மலரும். ஒன்று தள்ளி நின்றால் போச்சு.

"இது என்னம்மா?"

"ரீடிங் சார்."

"ரீடிங் இல்ல, வெறும் சத்தம். டேட்டாங்கறது சுத்தமா இருக்கணும். போய் எடுத்துடு."

எடுத்துவிடுவோம். எடுத்ததும் வரைபடம் அழகாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். நாலைந்து வருடத்தில் எத்தனை புள்ளிகளை எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஒரு வருடம் எல்லோரும் சேர்ந்து குரூப் போட்டோ எடுத்தோம். வாட்ச்மேன் அனுமந்தப்பா யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து வலது ஓரத்தில் நின்றார். அந்த ஓரத்தில் வரிசை கொஞ்சம் கோணிப்போயிற்று. போட்டோ வந்ததும் சார் அந்தப் பக்கத்தை ஸ்கேல் வைத்து பிளேடால் நறுக்கிவிட்டு ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினார். அனுமந்தப்பா இரண்டு மூன்று தடவை வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்துவிட்டுப் போனார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அவர் அயோக்கியர் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். பெண்களின் சினைப்பையில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. வயிறு கொஞ்சம் உப்பும், இரண்டு கவளத்தில் பசி அடங்கிவிடும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். இதில் ஒன்றாவது இல்லாத பொம்பளை எந்த ஊரில் இருக்கிறாள்? அதனால் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். தெரியவரும்போது வயிறு முழுக்கப் பரவியிருக்கும். ரத்தத்தில் ஒரு புரதம் ஏறுவதை வைத்து ஒரு வருடம் முன்னதாகவே பிடித்துவிட்டால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அந்தப் புரதத்தைத்தான் சார் தேடினார், ஞாயிற்றுக்கிழமையும் வந்து தேடினார்.

அவருடைய அக்கா இந்த நோயில்தான் போனாள். "எங்க அக்காவுக்கு ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா, இன்னிக்கு அவ இருப்பா" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். சொல்லும்போது தொண்டை அடைக்கும். முதல் தடவை நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏழாவது எட்டாவது தடவையில் எந்தச் சொல்லில் அடைக்கும் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் ஒரு மத்தியானம் கதவைத் தட்டாமல் உள்ளே போனபோது, மேஜை டிராயரை இழுத்து வைத்து அந்த அக்காவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததுகூடத் தெரியவில்லை. பொய் அழுகை இல்லை அது. அதனால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம்.

நோயாளிகளின் ரத்தம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்களின் ரத்தமும் வேண்டும், அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். "நாப்பது வயசுக்கு மேல, நல்லா இருக்கற லேடீஸ் நூறு பேர் வேணும்மா" என்றார், கடையில் போய் வாங்கி வா என்பது போல. கட்டடம் பெருக்குகிறவர்கள், கேன்டீனில் வேலை செய்கிறவர்கள், ஆபீஸ் கிளார்க்குகளின் மனைவிமார் என்று பிடித்து வந்தோம். ரத்தம் கொடுத்தால் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. கையெழுத்துப் போடும் தாளின் கடைசியில் ஒரு கேள்வி: தற்போது உடல்நலக் குறை ஏதும் உண்டா, இல்லையா? உண்டு என்றால் அவள் ஆரோக்கியமானவள் இல்லை, கண்ட்ரோலுக்கு ஆகமாட்டாள், டப்பாவும் கிடையாது.

இந்தச் செய்தி ஒரே நாளில் கீழ்த்தளம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் வந்த அத்தனை பேருக்கும் ஒரு குறையும் இல்லை. முட்டி தேய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற கேன்டீன் அம்மாவுக்கும் இல்லை, இருமி இருமிப் பேச முடியாதவளுக்கும் இல்லை. பெங்களூரிலேயே மிக ஆரோக்கியமான நூறு பெண்கள் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார்கள் என்று அந்தத் தாள்கள் சொல்லும். சாருக்கு ஏக சந்தோஷம், ஒரு தாளில்கூட அடித்தல் திருத்தல் இல்லையே.

தனம் அக்கா எங்கள் மாடியைப் பெருக்கித் துடைத்து, பாட்டில் கழுவி, குப்பை கட்டி எடுத்துப் போகிறவள். ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீடு, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நாற்பத்தெட்டு வயது இருக்கும். அவளுடைய தாளை நான்தான் நிரப்பினேன். சார் எங்களுக்குப் போட்டிருந்த சட்டப்படி பெயர் தனித் தாளில் போய்விடும், ட்யூபின் மேல் எண் மட்டும்தான். அவள் எண் சி நாற்பத்தொன்று.

"உடம்புக்கு ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்த சொல்றது கண்ணு. ரெண்டு மாசமா வயிறு கும்முனு கீது. அரை இட்லி துன்னா ஒரு படி சோறு துன்னாப்ல ஆயிடுது. பத்து நிமிசத்துக்கு ஒரு தபா ஒண்ணுக்கு ஓட வேண்டிகீது."

என் பேனா 'உண்டு' பக்கம் போயிற்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், அத்தப் போட்டா டப்பா குடுக்க மாட்டாங்களாமே? இல்லன்னு போடு கண்ணு. வெறும் வாய்வு தான். சோடா குடிச்சா பூடும்."

'இல்லை'யில் டிக் அடித்தேன். எனக்கும் நூறு பேர் சேர வேண்டியிருந்தது. அவள் சொன்ன மூன்று அறிகுறிகளும் என் மேஜைக்கு நேர் எதிரே சுவரில், பெரிய எழுத்தில், அட்டையில் ஒட்டியிருந்தன. காலையில் வந்து உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். படித்த கழுதை நான், அவள் இல்லை.

சோதனைத் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். புரதம் இருந்தால் குழி மஞ்சளாகும், நிறைய இருந்தால் நல்ல மஞ்சளாகும். நோயாளிகளின் வரிசை மஞ்சளாகவும் கண்ட்ரோல் வரிசை வெறும் தண்ணீராகவும் வர வேண்டும். அன்று கண்ட்ரோல் வரிசையில் ஒரு குழி மட்டும் மஞ்சள் கரைத்து ஊற்றினது போல இருந்தது. எண்ணைப் பார்த்தேன், சி நாற்பத்தொன்று.

"ட்யூபை மாத்தி வெச்சிருப்ப" என்றார் சார்.

எனக்கு ரோஷம் வந்தது. மறுபடி செய்தேன், அதே மஞ்சள். புதிதாக ரத்தம் எடுத்துச் செய்தேன், அதே மஞ்சள். மூன்று தட்டுகளையும் அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

"சார், இது நம்ம மாடியில..."

"பேர் சொல்லாத!" கையை உயர்த்திவிட்டார். "எத்தன தடவ சொல்றது? நம்பர் மட்டும் சொல்லு. பேர் தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

"அந்த அம்மாவுக்கு வயிறு உப்பியிருக்கு சார். டாக்டர்கிட்ட அனுப்பலாமா?"

"வயிறு உப்பியிருந்தா ஹெல்தி கண்ட்ரோலே இல்லையே. ஃபாரம்ல இல்லன்னு போட்டிருக்கே, யார் போட்டது?"

நான் மூன்று தட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"இங்க பாரும்மா, நம்ம டெஸ்ட் இன்னும் டெஸ்டே இல்ல, ரிசர்ச். ஒருத்தியக் கூப்பிட்டு உனக்குக் கேன்சர் இருக்கலாம்னு சொல்லி, அப்புறம் இல்லாம போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ரிசல்ட் யாருக்கும் சொல்ல மாட்டோம்னு ஃபாரம்லயே போட்டிருக்கு. எடுத்துடு. ஒரு டப்பா மிச்சம் இருக்கில்ல? வேற யாரையாவது கூப்பிட்டு நூறாக்கிடு."

"ட்யூபை என்ன சார் பண்றது?"

"தூக்கிப் போடு. ஃப்ரீசர்ல ஏற்கனவே இடம் இல்ல."

தாளில் எழுதின சட்டப்படி அவர் சொன்னது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தியிடம் சொல்ல லாயக்கில்லாத இதே சோதனையைத்தான் நாடு முழுக்கக் கொண்டுபோகப் போவதாக அந்த வாரம் டில்லிக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். மனுவின் முதல் பத்தியில் அவருடைய அக்கா. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் வெண்ணெயில் தூசி விழுந்திருக்கிறது என்று சாக்கடையில் கொட்டிவிட்டு நெய்க்கு அலைந்தார்.

ட்யூபைக் குப்பைப் பையில் போட்டேன். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிய இருந்தது. தனம் அக்காவிடம் நான் சொன்னதெல்லாம், "ஒரு தடவை வயித்தை டாக்டர்கிட்ட காட்டிடுக்கா" என்பதுதான். எந்த டாக்டர், எதற்காக, ஏன் அவசரம் என்று சொல்லத் துப்பில்லை எனக்கு. அவள் வீட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினாள். அந்த மகானுபாவன் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாய்வு மாத்திரை எழுதிக்கொடுத்தான். "நான் சொன்னன்ல, வாய்வு தான்" என்று அவள் சிரித்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

கட்டுரை வெளியானது. நூறு கண்ட்ரோல், அத்தனை குழியும் தண்ணீர். படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், சார் ஃப்ரீசர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று எல்லோருக்கும் மைசூர்பாக். காகிதத் தட்டில் வைத்து எடுத்து வந்தது தனம் அக்கா. புடவைக் கட்டு மேலேறி, வயிறு முன்னால் தள்ளி, கை மட்டும் குச்சியாய் இருந்தாள். இந்த வயதில் விசேஷமா என்று யாரோ கேலி பேசினார்கள். சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான் பார்த்தவரை அவர் அவளை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏம்மா, ரொம்ப வெயிட் போட்டுட்டியே. அரிசியக் கொறை, வாக்கிங் போ" என்றார்.

"சரிங்க சார்" என்றாள். காலை ஆறு மணிக்கு வந்து மூன்று மாடி ஏறி இறங்குகிறவள் அவள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மூச்சு வாங்குகிறது என்று மகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். எங்களுக்கு ரத்தம் அனுப்புகிற அதே ஆஸ்பத்திரி. நான் போனபோது வயிற்றிலிருந்து நீர் எடுத்திருந்தார்கள், பக்கெட்டில் பாதி. நர்ஸ் ஒரு தாளை நீட்டி, "ரிசர்ச்சிகெ ஸ்வல்ப ரக்த தகொள்தீவி, சைன் மாடம்மா" என்றாள், ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறோம், கையெழுத்துப் போடும்மா என்று. தனம் அக்கா கட்டை விரலை வைத்தாள். நர்ஸ் ட்யூபில் எண் எழுதின சீட்டை ஒட்டினாள். அந்தக் கையெழுத்தும் அந்த ஐஸ் பெட்டியும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"உன் ஆபீசுக்குத்தானா போவுது?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"அப்ப சரி. நீ பாத்துக்குவ."

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டிற்று. ஏழு மாதம் இருந்தாள். அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ரசாயனம் வந்து, அந்தப் பெட்டியில் இருந்த ட்யூப்களை நாங்கள் சோதனைக்கு எடுத்தோம்.

நோயாளிகள் வரிசையில் அவளுடைய குழி மற்ற எல்லாவற்றையும் விட மஞ்சளாக இருந்தது. சார் குனிந்து பார்த்தார். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். புள்ளி கோட்டின் மேலேயே நின்றது.

"அழகு!" என்றார். "பாத்தியாம்மா? டெக்ஸ்ட்புக் கேஸ் இது."

"சார், இந்த ரத்தம் முன்னாடியே நம்மகிட்ட வந்திருக்கு."

"என்ன சொல்ற?"

"போன வருஷம் கண்ட்ரோல்ல ஒண்ணு மட்டும் மஞ்சளா வந்துதே. வயிறு உப்பியிருக்குன்னு சொன்னேனே. எடுத்துடுன்னு சொன்னீங்க. அதே பொம்பளைதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நிமிடம், சத்தியமாக, அவர் மேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவரலாமா என்று யோசித்தேன்.

கையை எடுத்தார்.

"எட்டு மாசம் முன்னாடி!" என்றார். "வியாதி தெரியறதுக்கு எட்டு மாசம் முன்னாடி எடுத்த ரத்தம்! இதுக்குத்தானேம்மா உலகமே தவம் கிடக்குது! எங்க அது? அந்த ட்யூப் எங்க?"

"தூக்கிப் போடச் சொன்னீங்க சார். போட்டாச்சு."

"ஐயோ" என்றார். கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. தொண்டை அடைத்தது. கூட்டங்களில் அடைக்கிற இடத்தில் இல்லை, நிஜமாகவே அடைத்தது. மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எங்க போட்டீங்க? யாரு எடுத்துட்டுப் போனா?"

"பையில போட்டது நான். பையைக் கட்டிக் கீழ எடுத்துட்டுப் போனது தனம் அக்கா."

"தனமா? யாரும்மா அது? கூப்பிடு அவள. எங்க கொட்டினான்னு கேப்போம்."

எத்தனையோ வருடம் தினமும் அவர் அறையைப் பெருக்கியவள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது சார்" என்றேன். "சி நாப்பத்தொண்ணு."